ஸ்காட்லாந்து நோட்டை வாங்க மறுக்காதீர்கள்

இங்கிலாந்துக் கடைகளில் ஸ்காட்லாந்து நோட்டைத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் ஒழிய வேண்டும். 20 பவுண்டு நோட்டை நீட்டினால், கல்லாவில் நிற்கும் பிள்ளை அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்க்கும். அரசர் படம் இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மேலாளரைக் கூப்பிடும். அவர் வந்து, "இதை நாங்கள் எடுப்பதில்லை" என்பார். வரிசையில் நிற்பவர்கள் நம்மைக் கள்ள நோட்டுக்காரராகவே பார்ப்பார்கள். ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அந்த நோட்டில் என்ன குறை? ஸ்காட்லாந்தில் மூன்று வங்கிகள் சொந்தமாக நோட்டு வெளியிடுகின்றன. வட அயர்லாந்திலும் உண்டு. எல்லாம் அதே பவுண்டுதான். 2009ஆம் ஆண்டு வங்கிச் சட்டப்படி, புழக்கத்தில் விட்ட நோட்டுகளுக்கு ஈடு வைத்தே ஆக வேண்டும். அதற்கென்றே நாட்டின் மத்திய வங்கியான பாங்க் ஆஃப் இங்கிலாந்தில் 10 லட்சம் பவுண்டு, 10 கோடி பவுண்டு நோட்டுகள் இருக்கின்றன. அவை வெளியே புழங்குவதில்லை. வெளியிட்ட வங்கி நொடித்தாலும் நோட்டு வைத்திருப்பவர் பணத்தை இழக்கக் கூடாது என்பதற்கே இந்த ஏற்பாடு.

"இது லீகல் டெண்டர் இல்லையே" என்பார்கள். சரி, இல்லைதான். கடனைத் தீர்க்க எந்தப் பணத்தைக் கொடுத்தால் சட்டப்படி செல்லும் என்பது பற்றிய சங்கதி அது, கடை வியாபாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நாம் தினமும் தேய்க்கும் கார்டுக்கும் அந்தத் தகுதி கிடையாது. ஸ்காட்லாந்தில் பாங்க் ஆஃப் இங்கிலாந்து நோட்டுக்கே கிடையாது! ஆனாலும் கிளாஸ்கோவில் யாரும் அதைத் திருப்பிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. எதை வாங்குவது என்பது கடைக்காரரின் விருப்பம். அந்த விருப்பத்தைத்தான் மாற்றிக்கொள்ளச் சொல்கிறேன்.

லண்டனில் சின்னக் கடை வைத்திருக்கும் நம்மவர்களின் பயம் எனக்குப் புரிகிறது. ஒரே ஒரு கள்ள நோட்டு விழுந்தாலும் அரை நாள் லாபம் போச்சு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாடு முழுக்கக் கிளை வைத்திருக்கும் பெரிய கடைகளுக்கு என்ன சாக்கு? எடின்பரோக் கிளையில் நாள் முழுக்க வாங்கும் நோட்டு லண்டன் கிளையில் எப்படிச் சந்தேகத்துக்குரியதாகிறது?

ராயல் பாங்க் ஆஃப் ஸ்காட்லாந்தின் 20 பவுண்டு நோட்டில் இருப்பவர் கேட் கிரான்ஸ்டன். கிளாஸ்கோவில் தேநீர்க் கடைகள் நடத்திப் பெயர் வாங்கிய பெண்மணி. பின்பக்கம் சிவப்பு அணில்கள். ஒரு முறை பார்த்தவருக்கு மறக்காது. வேலைக்குச் சேரும் முதல் நாளே இந்த நோட்டுகளைக் கையில் கொடுத்துக் காட்டுங்கள். படங்களை அச்சடித்துக் கல்லாவுக்குள் ஒட்டி வையுங்கள். கார்டு இல்லாமல், கையில் அந்த ஒரு நோட்டோடு ரயிலிறங்கி வருகிறவர் பாலும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு போகட்டும்.