குடிக்காதவரின் கல்லீரல்

என் பெரியப்பா காபியைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. ஒல்லியான ஆள், வேட்டியை இறுக்கிக் கட்டினால்தான் இடுப்பில் நிற்கும். 58 வயதில் கல்லீரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்துப் போய்ச் சேர்ந்தார். கொழுப்பு படிந்து வந்த வினை என்று டாக்டர் சொல்லியும், பந்தலுக்கு வெளியே நின்றவர்கள் பேசியது வேறு. "வெளியில தெரியாம குடிச்சிருப்பாரு." பெரியம்மாவின் காதிலும் அது விழுந்தது.

போன மாதம் என் ஸ்கேனிலும் வந்துவிட்டது, கிரேடு டூ ஃபேட்டி லிவர், அதாவது கல்லீரலில் கொழுப்பு. என் எடை 64 கிலோ, உயரம் 168 சென்டிமீட்டர். ரிப்போர்ட்டைக் கொடுத்தவர் கேட்டார்: "வாரத்துக்கு எத்தனை நாள் சார்?" எதைக் கேட்கிறார் என்று புரியவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

அவர் கேட்டது குடியை. குடிக்காதவனுக்கு இது ஏன் வருகிறது என்பதற்கு அமெரிக்காவின் டல்லாஸ் நகரத்தில் 2008லேயே பாதிப் பதில் கிடைத்துவிட்டது. அங்கே ஆயிரக்கணக்கானோரின் கல்லீரல் கொழுப்பை அளந்து பார்த்திருந்தார்கள். கறுப்பினத்தவரிடம் உடல் பருமனும் சர்க்கரையும் குறைவில்லை, ஆனால் அவர்களில் 24 சதவீதம் பேருக்குத்தான் ஃபேட்டி லிவர். ஹிஸ்பானியர்களிலோ, அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரிலோ, 45 சதவீதம். சாப்பாடும் எடையும் மட்டுமே காரணம் என்றால் இந்தக் கணக்கு உதைக்கிறதே? மரபணுக்களைத் தேடினார்கள். பிஎன்பிஎல்ஏ3 என்ற ஒன்று அகப்பட்டது. அது உண்டாக்கும் புரதத்தின் 148ஆம் இடத்தில் ஐசோலூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் மெத்தியோனின் என்ற இன்னொன்று வந்து உட்கார்ந்தால் போதும், கல்லீரலில் கொழுப்பு தேங்குகிறது. அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் அந்த மாற்றத்தை வாங்கியவர்களுக்குக் கொழுப்பு இரண்டு மடங்குக்கும் மேல்.

அது செய்யும் வேலை விசித்திரமானது. மாறிய புரதம் கல்லீரல் செல்லுக்குள் இருக்கும் கொழுப்புத் துளியின் மேல் போய்க் குவிகிறது. கொழுப்பைக் கரைக்கும் நொதிக்கு ஒரு துணைப் புரதம் உண்டு, அதைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்கிறது. வேலைக்கு வந்த கொத்தனாரின் சித்தாளைத் தெருமுனையிலேயே நிறுத்திப் பேச்சுக் கொடுப்பது மாதிரி. கொத்தனார் வந்தும் வேலை நகராது.

டிஎம்6எஸ்எஃப்2 என்று இன்னொரு மரபணு, 2014ல் தெரியவந்தது. அதில் வரும் ஒரு மாற்றம் கொழுப்பை ரத்தத்துக்கு அனுப்பாமல் கல்லீரலிலேயே வைத்துக்கொள்ளும். ரத்தத்தில் கொலஸ்ட்ரால் குறைவாக இருக்கும், கல்லீரலில் கொழுப்பு ஏறியிருக்கும். 'கொலஸ்ட்ரால் நார்மல்' என்று நிம்மதியாகத் தூங்குபவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

நம் பக்கம் வருவோம். மேற்கு வங்கத்தின் கிராமப்புறத்தில் நடந்த ஆய்வு ஒன்று 2010ல் வெளியானது. ஃபேட்டி லிவர் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேரின் பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு, 25க்குக் கீழே. அதே ஆண்டு இந்திய வம்சாவளி ஆண்கள் 95 பேரை வைத்து ஏபிஓசி3 என்ற மரபணுதான் காரணம் என்று ஓர் ஆய்வு வந்தது. அந்த மாற்றம் உள்ளவர்களில் 38 சதவீதம் பேருக்கு ஃபேட்டி லிவர், இல்லாதவர்களில் ஒருவருக்கும் இல்லை. அடுத்த ஆண்டே டல்லாஸில் இன்னும் நிறையப் பேரிடம் சோதித்தார்கள், அந்தத் தொடர்பு தென்படவில்லை. 'இந்தியர்களுக்கென்றே ஒரு மரபணு' என்று வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பினால் இது நினைவிருக்கட்டும்.

அப்புறம், "எல்லாம் ஜீன், நம்ம கையில என்ன இருக்கு" என்று பரோட்டாவை இன்னொரு செட் சொல்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. 2017ல் வந்த ஆய்வு நேர் எதிராகச் சொல்கிறது. பிஎன்பிஎல்ஏ3 மாற்றம் இருந்தாலும் மெலிந்த உடம்பில் அதன் ஆட்டம் குறைவு, எடை கூடக் கூடத்தான் அது பன்மடங்காகிறது. அதாவது, மரபணு சரியில்லாதவனுக்கு ஐந்து கிலோ குறைப்பதில் கிடைக்கும் லாபம் மற்றவர்களைவிட அதிகம். என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். எடை 64தான், ஆனால் இடுப்பு 36 அங்குலம், அதாவது 91 சென்டிமீட்டர். நம் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர்தான் எல்லை. எடை மெஷின் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை, பேன்ட் கொடுத்தது.

எச்சிலை அனுப்பினால் மரபணு பார்த்துச் சொல்கிறோம் என்கிறார்கள். நான் அனுப்பப் போவதில்லை. எந்தப் பதில் வந்தாலும் டாக்டர் என்னிடம் சொல்லப்போவது அதே நடை, அதே இடுப்பு, அதே சர்க்கரைதான். அதைவிட மலிவான கணக்கு ஒன்று இருக்கிறது. வயது, ரத்தப் பரிசோதனையில் வரும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற இரண்டு கல்லீரல் நொதிகள், பிளேட்லெட் நான்கையும் வைத்துப் போடும் ஃபிப்-4. கல்லீரலில் தழும்பு விழுந்திருக்க வாய்ப்பு உண்டா என்று முதல் சலிப்பில் அது சொல்லிவிடும். என்னுடையது 1.3க்குக் கீழே, இப்போதைக்குப் பிழைத்தேன்.

நேற்று பெரியப்பா மகனுக்குப் போன் போட்டேன். வயது 39, அப்பா மாதிரியே ஒல்லி. ஒருமுறை ரத்தமும் ஸ்கேனும் பார்த்துவிடு தம்பி என்றேன்.

"நான்தான் குடிக்கிறதே இல்லையேண்ணே" என்றான்.