கனவுக்கு அர்த்தம் சொல்லும் படிப்பு இல்லை அண்ணா

"சைக்கோடைனமிக் படிப்பு என்றால் சோபாவில் படுக்கவைத்துக் கனவுக்கு அர்த்தம் சொல்வது, கோத்தகிரியில் நர்ஸாக இருக்கும் தங்கச்சிக்கு அது வீண் செலவு" என்று எழுதியிருக்கிறீர்கள் அண்ணா. அது சரியில்லை. சைக்கோடைனமிக் என்றால், நம்மை அறியாமலே மனதில் ஓடும் உணர்வுகள் நம் நடத்தையை எப்படி இயக்குகின்றன என்று பார்ப்பது.

லண்டன் டாவிஸ்டாக் கிளினிக் என்ற மனநல மையத்தில் 1948-இல் எஸ்தர் பிக் என்ற உளப்பகுப்பாய்வாளர் தொடங்கிய பயிற்சியைப் பாருங்கள். படிப்பவர் வாரம் ஒருமுறை ஒரு வீட்டுக்குப் போய், கைக்குழந்தையை உட்கார்ந்து கவனிக்க வேண்டும். இப்படி இரண்டு வருடம் வரை. அறிவுரை எதுவும் சொல்லக் கூடாது. அப்புறம் பார்த்ததையும், பார்க்கும்போது தன் மனதில் எழுந்ததையும் குழுவில் பேச வேண்டும்.

நர்ஸுகளுக்கு நேராகவே பொருந்துவது இசபெல் மென்சீஸ் என்ற உளப்பகுப்பாய்வாளரின் ஆய்வு. 1950-களின் கடைசியில் லண்டன் மருத்துவமனை ஒன்றின் நர்ஸுகளைப் பற்றி எழுதினார். நோயாளியைப் பெயரால் அல்லாமல் படுக்கை எண்ணால் குறிப்பது, வேலையைத் துண்டு துண்டாகப் பிரிப்பது எல்லாம் வலியையும் சாவையும் அருகிலிருந்து பார்க்கும் பதற்றத்துக்கு எதிரான தற்காப்பு என்றார். அந்தத் தற்காப்பே அவர்களை வாட்டியது. நர்ஸிங் மாணவிகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பேர் பயிற்சியை முடிக்கவே இல்லை.

குன்னூர் பக்கம் நானும் "மூணாம் பெட்" என்று சொல்லித்தான் பழகினேன். தேயிலை பறிக்கும் அம்மா ஒருவர் மாதாமாதம் நெஞ்சுவலி என்று வருவார், ஈசிஜி சரியாகவே இருக்கும். அவரைப் பார்த்தாலே எனக்கு ஏன் எரிச்சல் வருகிறது என்று யோசித்த பிறகுதான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கத் தோன்றியது. மகனைப் பறிகொடுத்தவர்.

ஒன்று உண்மை. இதை மட்டும் படித்தால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக முடியாது, அதற்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். தங்கச்சியிடம் அதைச் சொல்லுங்கள்.