பங்களாச் சுவருக்கு சிமெண்ட் எதற்கு?

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன்தான் ஏற்காட்டில் காப்பிச் செடி போட்டவர். மலையில் போர்டு வைக்கும் ஹோம்ஸ்டேக்காரர்களுக்கெல்லாம் இந்தக் கதை மனப்பாடம். காப்பிக் காசில் எழும்பிய பழைய பங்களாக்களின் சுவர் என்ன கதியில் இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பூச்சு உதிர்ந்தால் நாலு மூட்டை சிமெண்ட், அதன்மேல் பிளாஸ்டிக் எமல்ஷன். ரெண்டு மழைக்காலம் போனால் மறுபடி பொருமல்.

சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும், பூச்சு வழியாக வெளியே விடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் மேலே ஏறுகிறது, உப்பு பூச்சுக்குப் பின்னால் பூத்துச் செங்கல்லை மாவாக்குகிறது. விரலை மடக்கித் தட்டினால் பொத்பொத்தென்று கேட்கும். அந்த சிமெண்டை அடித்துப் பெயர்த்தால் செங்கல்லின் முகமும் சேர்ந்து வரும். அதனால் டிரில் வேண்டாம், சின்ன உளியும் பொறுமையும் போதும்.

அதற்கும் முன்னால் வெளியே ஒரு சுற்று வாருங்கள். பூந்தொட்டி மண்ணும் புதுத் தார்ச்சாலையும் அடித்தளத்தைவிட உயர்ந்திருந்தால், முதலில் அதை வெட்டி இறக்குங்கள். உடைந்த கூரை ஓடுகளையும் மழைநீர்த் தகரத்தையும் சரிசெய்யாமல் சுவரைத் தொடுவது வீண் செலவு.

சிமெண்டை எடுத்த இடத்தில் பூச வேண்டிய சுண்ணாம்புக்கு சேலத்து வெள்ளைக்கல் மலையைக் கைகாட்டுபவர்கள் உண்டு. வெள்ளைக்காரன் சாக் ஹில்ஸ் என்று பெயர் வைத்ததோடு சரி, அங்கே இருப்பது மேக்னசைட் என்ற வேறு கனிமம். சுண்ணாம்புக்கல் சங்ககிரிப் பக்கம். அதுவும் சிமெண்ட் ஆலைக்குப் போகிறது!

சுட்ட சுண்ணாம்பைத் தொட்டித் தண்ணீருக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். கல்லின் மேல் தண்ணீரைக் கொட்டினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். நீற்றியதைச் சல்லடையில் வடித்து, குறைந்தது 15 நாள் தண்ணீருக்கடியில் ஊறவிடுங்கள். அவசரத்தில் இதைத்தான் எல்லோரும் குறைக்கிறார்கள். நீறாத குருணை சுவருக்குள் போய் நீறி, மாதங்கள் கழித்துக் காசு அகலத்துக்குப் பூச்சைத் தள்ளிவிடும். குழியின் நடுவே வெள்ளைப் புள்ளி தெரியும். கொத்தனாரைத் திட்டிப் பயனில்லை.

ஒரு பங்கு சுண்ணாம்புக்கு ரெண்டரைப் பங்கு மணல். கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த தண்ணீரில் குழைப்பது வழக்கம், அளவு கைக்குக் கை மாறும். சுவரை முந்தின நாளே நனையுங்கள். ஒரே தடவையில் அரை அங்குலத்துக்கு மேல் அப்பினால் வெடிக்கும்.

ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் முடிப்பது நல்லது. மழைமாதப் பனிமூட்டத்தில் பூச்சு இறுகவே இறுகாது. வெயில் படும் பக்கம் ஈரச் சாக்கு ஒரு வாரமாவது தொங்கட்டும். அடுத்தது வெறும் வெள்ளையடி. எமல்ஷன் டப்பாவைக் கடையிலேயே விட்டுவிடுங்கள்.