வெசேர் பள்ளத்தாக்கு: குகைச் சீட்டு முதலில், விமானச் சீட்டு பிறகு

பிரான்ஸ் பயணத்தில் வெசேர் ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று திட்டம் போடுகிறவர்களே, தயவுசெய்து வேண்டாம். அங்கே மூன்று இரவாவது தங்குங்கள்.

ஆதிமனிதர் வரைந்த சுவரோவியங்கள் உள்ள லாஸ்கோ குகை இங்கே 1940இல் கண்டுபிடிக்கப்பட்டது. 1955 வாக்கில் ஒரு நாளைக்குச் சுமார் 1,200 பேர் உள்ளே போனார்கள். அத்தனை பேரின் மூச்சிலிருந்த ஈரமும் கரியமில வாயுவும், போதாக்குறைக்கு விளக்கு வெளிச்சமும் சேர்ந்து சுவரில் பச்சைப் பாசி பிடிக்க வைத்தன. 1963இல் மூடிவிட்டார்கள். இன்று நாம் பார்ப்பது 2016இல் திறந்த லாஸ்கோ 4 என்ற நகல். அருமையான வேலைப்பாடு, முதல் நாளே பாருங்கள். ஆனால் அதோடு திரும்பிவிடாதீர்கள்!

அசல் வண்ண ஓவியத்தை லெஸ் எய்ஸி ஊரிலுள்ள ஃபோன் தெ கோம் குகையில் இன்னும் பார்க்கலாம். மூச்சுக் கணக்குப் பார்த்துச் சிறு குழுக்களாகத்தான் விடுகிறார்கள். அதனால்தான் சொல்கிறேன், இந்தச் சீட்டு கைக்கு வந்த பிறகு விமானத்தைப் பதிவு செய்யுங்கள். சனிக்கிழமை விடுமுறை. ஆங்கில விளக்கம் வேண்டுமென்றால் நேரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மண்டியிட்ட பெண் மானின் நெற்றியை ஆண் மான் நக்கும் காட்சி அங்கே இருக்கிறது. வழிகாட்டி விளக்கைச் சாய்த்துக் காட்டும்போது பாறையின் புடைப்பே காட்டெருமையின் வயிறாகும். எந்த நகலும் இதற்கு ஈடில்லை என்பது என் கருத்து.

மின்ரயிலில் உட்கார்ந்தபடி பனியுக மாமத யானைகளின் ஓவியங்களைப் பார்க்க ரூஃபின்யாக் குகை. தாத்தா பாட்டியோடு போகிறவர்களுக்கு இதுதான் வசதி. குளிர்காலத்தில் மூடியிருக்கும் என்பதால் நம் சிங்கப்பூரின் டிசம்பர் பள்ளி விடுமுறையில் கிடைக்காது. ஜூன் விடுமுறைதான் சரி. வெளியே வெயில் கொளுத்தினாலும் குகைக்குள் 13 டிகிரிதான், ஆளுக்கொரு கம்பளிச் சட்டை வேண்டும்.

லெஸ் எய்ஸியில் ரயில் நிற்கும். ஃபோன் தெ கோமுக்கும் தேசிய அரும்பொருளகத்துக்கும் நடந்தே போகலாம். மற்றவற்றுக்குக் கார் தேவை. சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், அனைத்துலக ஓட்டுநர் அனுமதியும் எடுத்துக்கொள்ளுங்கள். வாடகைக் கார்களில் பல கையால் கியர் மாற்றுபவை. ஆட்டோ கியர் கார் மட்டும் ஓட்ட அனுமதிக்கும் நம் 3ஏ உரிமம் வைத்திருப்பவர்கள் அத்தகைய கார் என்று குறிப்பிட்டு முன்கூட்டியே கேளுங்கள்.

செங்குத்துப் பாறைக் குடியிருப்புக்கு லா ரோக் சென் கிறிஸ்தோஃப். ஒரு கிலோமீட்டர் நீளம், 80 மீட்டர் உயரம், ஐந்து அடுக்கு. சுண்ணாம்புப் பாறையின் மென்மையான அடுக்குகளைப் பனியும் நீரும் அரித்ததில், மேலே கூரைபோல் பாறை நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஆதிமனிதர் ஒதுங்கிய அதே இடத்தில் இடைக்காலத்தில் ஊரே இருந்தது, கோட்டையும் இருந்தது. 1588இல் இடித்துவிட்டார்கள். சுவரில் வரிசையாகத் தெரியும் குழிகள் மர உத்தரம் சொருகிய இடங்கள். அவற்றை வைத்துப் பார்த்தால் எந்த உயரத்தில் தளம் போட்டிருந்தார்கள் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். படிக்கட்டு அதிகம். குழந்தைத் தள்ளுவண்டியைக் காரிலேயே விட்டுவிடுங்கள்.