ஞாயிற்றுக்கிழமை என்னுடையது

ஆபீஸில் பட்ட அவமானத்தில் வெள்ளிக்கிழமை ராத்திரி நான் போட்ட இரண்டு வரியைப் பார்த்துவிட்டு இன்பாக்ஸில் வந்து "என்ன ஆச்சு?" என்று கேட்ட எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல முடியவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் விஷயம் தெரிந்திருக்கிறது. அரைகுறையாகப் பரவுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

போன ஞாயிறு ‘மெய்யழகன்’ படம் பற்றி நீளமாக எழுதியிருந்தேன் இல்லையா, அந்தப் பதிவு யார் மூலமாகவோ எங்கள் டீம் லீடின் போனுக்குப் போயிருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாராந்திர குவாலிட்டி மீட்டிங். வேலையில் தப்பில்லாமைக்கு வேண்டியது நூற்றுக்கு 95. என்னுடையது 91. அந்த நம்பரைப் படித்துவிட்டு, டீம் லீட் ஒன்பது பேர் முன்னால் போனைத் தூக்கிக் காட்டி, "சண்டேல இவ்ளோ பெருசா எழுத டைம் இருக்கு, கைட்லைன்ஸ் படிக்க மட்டும் டைம் இல்லையா மேடம்?" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் "சாரி" சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று இந்த நிமிடம் வரை எனக்குப் புரியவில்லை. அதுதான் இரண்டு நாளாக உறுத்துகிறது.

91 என் தப்பு. அதில் ஒரு வாதமும் இல்லை. மெடிக்கல் கோடிங் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அமெரிக்காவில் ஒரு நோயாளி மருத்துவரைப் பார்த்த சார்ட் எங்களுக்கு வரும். அதைப் படித்து, எழுபதாயிரத்துக்கும் மேல் இருக்கிற ஐசிடி-10 கோடுகளில், அதாவது நோய்க்கும் காயத்துக்கும் வைத்திருக்கிற குறியீடுகளில், சரியானதைப் போட வேண்டும். காயம், எலும்பு முறிவு போன்றவற்றுக்கு ஏழாவதாக ஒரு எழுத்து வரும். சிகிச்சை நடந்துகொண்டிருந்தால் ‘ஏ’. சிகிச்சை முடிந்து எலும்பு ஒழுங்காகக் கூடிக்கொண்டிருந்தால் ‘டி’. நான் என்ன செய்தேன் என்றால், நோயாளி அந்த மருத்துவரிடம் முதல் தடவையாக வருகிறார் என்பதால் ‘ஏ’ போட்டுவிட்டேன். மருத்துவர் புதியவரா என்பது இங்கே கணக்கே இல்லை, சிகிச்சை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதுதான் கணக்கு. புதிதாக வருகிற எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் என்று எங்கள் கோடுகளைச் சரிபார்க்கிற ஆடிட்டரே சொன்னார். அதைப் புரிந்துகொண்டுவிட்டேன், இனி வராது.

ஆனால் அந்தத் தப்புக்கும் நான் ஞாயிற்றுக்கிழமை படம் பார்த்ததற்கும் என்ன சம்பந்தம்? அந்த மூன்று மணி நேரமும் நான் வீட்டில் துணி துவைத்திருந்தால் யாராவது கேட்டிருப்பார்களா? சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தால்? தூங்கியிருந்தால்? ரசித்தேன், ரசித்ததை எழுதினேன், அதுதான் குற்றமாகிவிட்டது.

2024 செப்டம்பர் 2, திங்கட்கிழமை இந்த வேலையில் சேர்ந்தேன். குழந்தைக்காக நான்கு வருடம் வீட்டில் இருந்துவிட்டு, படித்த மைக்ரோபயாலஜியைத் தூசு தட்டி, பரீட்சை எழுதிப் பாஸ் செய்து, முப்பத்து நான்கு வயதில் இருபத்து மூன்று வயதுப் பிள்ளைகளோடு டிரெயினிங்கில் உட்கார்ந்தேன். காலை ஆறரைக்கு கேப். திரும்பி வர ஆறு, ஆறரை. மேடவாக்கம் சிக்னலில் நின்றால் ஏழு. அதற்கப்புறம் சமையல், பையனின் ஹோம்வொர்க், அம்மாவுக்கு மாத்திரை. அவன் தூங்கின பிறகு கைட்லைன்ஸ். இந்த வாரம் அக்டோபர் 1 வேறு. ஒவ்வொரு வருடமும் அந்தத் தேதியிலிருந்துதான் புதிய கோடுகள் நடைமுறைக்கு வரும். சேர்த்தவை, நீக்கியவை, மாற்றியவை எல்லாவற்றையும் படித்தேன். ராத்திரி பன்னிரண்டரை வரை படித்தேன். அதை யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பவில்லை.

இதையெல்லாம் பட்டியல் போட்டு நிரூபிக்க வேண்டியிருப்பதே எனக்குக் கேவலமாக இருக்கிறது. ஞாயிறு என் விடுமுறை. அது என் நேரம்.

"பப்ளிக்கா போட்டா யார் வேணா பார்க்கத்தான் செய்வாங்க" என்று ஒரு தோழி சொன்னாள். பார்க்கட்டும். பார்க்கத்தான் போடுகிறேன். பார்ப்பது வேறு, அதை எடுத்துக்கொண்டுபோய் மீட்டிங்கில் தூக்கிக் காட்டுவது வேறு. நான் அலுவலகத்தின் பெயரைக்கூட எங்கேயும் எழுதினதில்லை. இன்றும் எழுதவில்லை.

"மூணு மாசம் புரொபேஷன் முடியற வரைக்கும் அடக்கி வாசிக்கலாமே" என்று சித்தி பொண்ணு சொல்கிறாள். அக்கறையில்தான் சொல்கிறாள், தெரியும். ஆனால் அக்கா, மூன்று மாதம் முடிந்ததும் அப்ரைசல் வரும். அது முடிந்தால் பிரமோஷன். அது முடிந்தால் பையனின் பள்ளிக்கூடம். எனக்குப் பிடித்ததைப் பற்றி வாய் திறக்க நல்ல நேரம் எப்போது வரும், சொல்லு?

போன மாதம் சேப்பாக்கம் டெஸ்டில் அஸ்வின் சதம் அடித்தார், இரண்டாவது இன்னிங்ஸில் ஆறு விக்கெட்டும் எடுத்தார். வங்கதேசத்தை 280 ரன்னில் ஜெயித்தோம். அடுத்த திங்கட்கிழமை எங்கள் டீம் உட்காருகிற இடத்தில் அரை மணி நேரம் அதுதான் பேச்சு. முன்னால் நின்று பேசியவர் இதே டீம் லீட். நானும் நின்று கேட்டேன், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, உள்ளூர்ப் பிள்ளை. நான்கு நாள் ஆட்டத்தைப் பார்க்க அவருக்கு எங்கே நேரம் கிடைத்தது என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, தோன்றியிருக்கவும் கூடாது. அதே ஞாயிறு, செப்டம்பர் 22, புடாபெஸ்டில் செஸ் ஒலிம்பியாடில் ஓப்பன், பெண்கள் இரண்டு பிரிவிலும் இந்தியாவுக்குத் தங்கம். குகேஷ், பிரக்ஞானந்தா ஒரு அணியில், பிரக்ஞானந்தாவின் அக்கா வைஷாலி இன்னொரு அணியில். ஒரே வீட்டில் அக்காவும் தம்பியும் ஒரே நாளில் தங்கம் வாங்கியதை நினைத்து நான் அழுதேன். அதை எழுதினேன். அதுவும் அந்த போனில் இருந்தது.

ஆண்கள் ரசித்தால் அது பேச்சு. ஒரு வீட்டுப் பெண் ரசித்தால் "இதுக்கெல்லாம் நேரம் இருக்கா?" இந்தக் கேள்வியை இந்த அலுவலகம் கண்டுபிடிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறேன். தாம்பூலம் மடிக்கும்போது பாட்டு முணுமுணுத்தால் கேட்டார்கள். கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஹெட்போன் மாட்டினால் கேட்டார்கள். கேட்காத ஒரே ஆள் என் அப்பா.

அப்பா வேதாரண்யத்தில் தையல்காரர். தேர் முட்டிக்குப் பக்கத்தில் சின்னக் கடை. ஒரு மிஷின், ஒரு கட்டிங் டேபிள், அளவு நோட்டு, தலைக்கு மேல் பலகையில் ஒரு ரேடியோ. எங்கள் கடற்கரையில் திருச்சியை விட இலங்கை வானொலி தெளிவாகக் கேட்கும். பி.எச். அப்துல் ஹமீதின் குரலைக் கேட்டுத்தான் தமிழ் உச்சரிப்பையே கற்றுக்கொண்டேன் என்பார். தொழில் கற்றுக்கொள்ளப் போன புதிதில், காஜா எடுக்கிற பையனாக இருந்தபோது, முதலாளி கடை ரேடியோவை அணைத்துவிடுவாராம், கவனம் சிதறும் என்று. அப்பா சொல்வார்: "அணைச்ச அன்னிக்குத்தான் பாப்பா ஊசி விரல்ல ஏறும். பாட்டு ஓடிட்டிருந்தா கை அது பாட்டுக்கு ஓடும்." தீபாவளிக்கு முந்தின வாரமெல்லாம் விடிய விடிய தைப்பார். ரேடியோ இல்லாமல் அவர் மிதித்து நான் பார்த்ததில்லை. அவர் தைத்த சட்டையில் கோணல் தையல் ஒன்று காட்டுங்கள் பார்ப்போம். இன்றும் ஊருக்குப் போனால் "உங்க அப்பா தைச்ச பேண்ட் இன்னும் பிரியல" என்று சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

2020 செப்டம்பர் 25 எஸ்.பி.பி. போனார். அப்பா அன்றைக்கு மிஷினைத் தொடவில்லை. அந்த ஞாயிறு "எனக்கு மூணு பாட்டு எழுதிக்கொடு பாப்பா, எதெது நல்லாருக்கும்னு" என்று கேட்டார். எழுதிக் கொடுத்தேன். அதையே இங்கேயும் போட்டேன். ஞாயிறுதோறும் மூன்று விஷயம் எழுதும் வழக்கம் அப்படித்தான் ஆரம்பித்தது, பழைய நண்பர்களுக்குத் தெரியும். அடுத்த வருடம் அப்பா இல்லை. அப்போது மட்டும் இரண்டு வாரம் விட்டேன். மற்றபடி நான்கு வருடமாக ஒரு ஞாயிறும் தவறவில்லை. பொழுது போகாமல் எழுதுகிறேன் என்று நினைக்கிறவர்களுக்கு இது தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் என்ன என்று தெரியாமல் தூக்கிக் காட்டிச் சிரிக்காதீர்கள்.

புது வேலையில் இந்தப் பதிவுகள் எனக்கு என்ன செய்தன என்பதையும் சொல்ல வேண்டும். முதல் வாரம் கேன்டீனில் தனியாகத்தான் சாப்பிட்டேன். ஒருத்தரையும் தெரியாது. அந்த வாரம்தான் ‘தி கோட்’ படம் வந்தது. ஜனவரியில் இறந்துபோன பாடகி பவதாரிணியின் குரலைச் செயற்கை நுண்ணறிவில் மீட்டு, தம்பி யுவன் ஒரு பாட்டில் பாட வைத்திருக்கிறார். ‘பாரதி’க்காகத் தேசிய விருது வாங்கின குரல் அது. அது சரியா தவறா என்று எனக்கு முடிவு சொல்லத் தெரியவில்லை, ஆனால் இல்லாத ஒருத்தியின் குரலை ஒரு தம்பி திரும்பக் கேட்க ஆசைப்பட்டதைத் தப்பென்று சொல்ல என்னால் முடியாது என்று எழுதியிருந்தேன். என் அப்பாவின் குரல் எட்டு வினாடி ஒரு வாய்ஸ் மெசேஜில் மட்டும் இருக்கிறது. அடுத்த நாள் கேன்டீனில் ஒரு பெண் எதிரில் வந்து உட்கார்ந்து, "நீங்கதானே பவதாரிணி பத்தி எழுதினது? எங்க அண்ணா ஷேர் பண்ணிருந்தான்" என்றாள். இப்போது அவள்தான் என் சாப்பாட்டுத் துணை. வெள்ளிக்கிழமை மீட்டிங் முடிந்து நான் பாத்ரூமில் நின்றபோது கூட வந்து நின்றவள் அவள். ‘ஏ’வுக்கும் ‘டி’க்கும் உள்ள வித்தியாசத்தை டிஷ்யூ பேப்பரில் படம் போட்டுச் சொல்லித் தந்தவளும் அவள்தான். நான் வாயை மூடிக்கொண்டு கைட்லைன்ஸ் மட்டும் படித்திருந்தால் அவள் எனக்குக் கிடைத்திருக்க மாட்டாள்.

"மெய்யழகன்" பதிவைத்தானே காட்டினார், அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீளமாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்லி, வெளியான சில நாளில் 18 நிமிடத்தை வெட்டிவிட்டார்கள். இயக்குநர் பிரேம்குமாரே வெட்டியதுதான், அவர் படம், அவர் உரிமை. எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. சொந்த வீட்டை இழந்து தஞ்சாவூரை விட்டுப் போன ஒருத்தர், ஒரு கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வந்து, தன்மேல் பிரியத்தைக் கொட்டுகிற ஒருவனின் பெயர் தெரியாமல் ராத்திரி முழுக்கத் தவிக்கிற கதை அது. அந்தப் பேச்சுக்கு நேரம்தான் வேண்டும். கார்த்தி பேசிக்கொண்டே இருப்பார், அரவிந்த்சாமி கேட்டுக்கொண்டே இருப்பார், அப்படித்தான் எங்கள் பக்கத்து ஆட்கள் பேசுவார்கள். நீளம், தேவையில்லை, வெட்டு, வேலையைப் பார். நமக்கு எல்லாவற்றிலும் இதே அவசரம் வந்துவிட்டது. படத்தை விடுங்கள், ஒரு மனுஷிக்குக் கிடைக்கிற ஒரு ஞாயிற்றையும் வெட்டப் பார்க்கிறார்கள்.

டீம் லீட் கெட்டவர் இல்லை. இதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயமாக இருக்காது. அவருக்கும் மேலே இருந்து அழுத்தம், எங்கள் நம்பர் எல்லாம் அவர் தலையில்தான் விடியும். 91 என்று தனியாகக் கூப்பிட்டுத் திட்டியிருந்தால் தலை குனிந்து வாங்கிக்கொண்டிருப்பேன். எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் வந்து படிக்கிறேன் என்று சொல்லியிருப்பேன். அப்பாவின் ரேடியோவை அணைத்தார் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நாளைக்குப் போய் பேசப் போகிறேன். சத்தம் போட மாட்டேன். நம்பரை 95க்கு மேலே கொண்டுவருவேன், என் போனில் இருப்பதை மீட்டிங்குக்குக் கொண்டுவராதீர்கள் என்று சொல்வேன். பயமாகத்தான் இருக்கிறது.

இந்த வார மூன்று:

ஒன்று, கோவிந்த் வசந்தாவின் ‘மெய்யழகன்’ இசை, கேப்பில் போகும்போது, ஜன்னல் பக்கம்.

இரண்டு, ‘லப்பர் பந்து’ இரண்டாவது தடவை. 1989இல் வந்த ‘பொன்மனச் செல்வன்’ பாட்டு கிரவுண்டில் ஒலிக்கும்போது தியேட்டரில் எழுந்த சத்தத்தை விஜயகாந்த் இருந்து கேட்டிருக்க வேண்டும்.

மூன்று, என் வேலையிலிருந்தே. டபிள்யூ 61.33 என்று ஒரு கோடு இருக்கிறது. கோழி கொத்திய காயத்துக்கு. புரட்டிக்கொண்டே வரும்போது புதன்கிழமை ராத்திரி கண்ணில் பட்டது. கோழி கொத்தினதைக்கூட விடாமல் எழுதி வைத்த அந்த மனிதர்கள்மேல் அவ்வளவு பிரியம் வந்தது. பையனை எழுப்பிச் சொன்னேன். "அப்ப வாத்து கொத்துனா?" என்று கேட்டான். வாத்துக்கும் தனியாக இருக்கிறது கண்ணா.