கொழுத்த கன்றுக்கும் இருமல் வரும்
"நல்லாத் தீனி தின்ற மாட்டை இருமல் வைரஸ் அண்டாது" என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அது சரியில்லை அண்ணன். மட்டக்களப்புப் படுவான்கரையில் எங்கள் பட்டியிலே கொழுத்த கன்றுதான் முதலில் கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து மூச்சு வாங்கியது.

வைரஸ் நுழைந்த உடற்கலம் (செல்) இன்டர்ஃபெரோன் என்ற புரதத்தை வெளியிட்டு அக்கம்பக்கத்துக் கலங்களை உஷார்ப்படுத்தும். மாட்டின் மூச்சுக்குழாயையும் நுரையீரலையும் தாக்கும் ஆர்எஸ்வி வைரஸ் என்எஸ்1, என்எஸ்2 என்ற தன் இரண்டு புரதங்களால் அந்த எச்சரிக்கையையே அமுக்கிவிடுகிறது. மாட்டுக்குக் கழிச்சலும் மூச்சு நோயும் கொண்டுவரும் பிவிடி வைரஸ் இன்னும் மோசம். இன்டர்ஃபெரோன் உற்பத்தியைத் தொடக்கிவைக்கும் ஐஆர்எஃப்3 புரதத்தைக் கலத்தைக் கொண்டே அழிக்கவைக்கிறது. தின்ற தீனி இதைத் தடுக்காது.

தீனி வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் கன்று இருமினால் பிரித்துக் கட்டுங்கள், அன்றைக்கே கால்நடை வைத்தியரைக் கூப்பிடுங்கள். பின்னால் தொற்றுகிற பக்டீரியா நிமோனியாதான் பல நேரம் உயிரை எடுக்கிறது.