அது சோம்பல் இல்லைங்க

பார்க்கின்சன் என்ற நரம்பு நோய் வந்தவர்களுக்குப் பகலில் ஏன் இத்தனை தூக்கம், மூளை ஸ்கேனிலும் ரத்தத்திலும் அதற்கு அடையாளம் உண்டா என்று ஒரு கட்டுரையில் எழுதியிருந்ததைப் படித்ததும் எங்கள் அப்பாருதான் ஞாபகத்துக்கு வந்தார். கோபி பக்கம் தோட்டம். விடியுமுன்னே எழுந்து மடை திருப்பிய மனுஷன், நோய் வந்தபிறகு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கண்ணசந்துவிடுவார், "ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடந்துட்டு இப்ப தூங்குனா எப்படிங்க" என்று ஆத்தா சத்தம் போடும், நாங்களும் வயசான சோம்பல் என்றே விட்டுவிட்டோம். தப்பு. ஓரெக்சின் என்ற ரசாயனத்தைச் சுரந்து நம்மை விழிப்பாக வைத்திருக்கும் மூளைச் செல்கள் இந்த நோயில் அழிவதை 2007-லேயே கண்டிருக்கிறார்கள். இந்த நோய்க்குக் கொடுக்கும் பிராமிபெக்சோல், ரோபினிரோல் மாதிரி மாத்திரைகளும் சிலரைத் திடீரென்று தூக்கத்தில் தள்ளிவிடும். அப்பாரு அப்போதும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார், நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

ரத்தத்தில் பார்க்கும் நியூரோஃபிலமென்ட் புரதம் நரம்பு சிதைவதைக் காட்டும், சரி, ஆனால் அது வேறு பல நோய்களிலும் ஏறும். அதனால் டெஸ்ட் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பகல் தூக்கத்தை அளக்க எப்வொர்த் என்று 8 கேள்விகள் உண்டு, மொத்தம் 24 மதிப்பெண். 10-ஐத் தாண்டினால் நரம்பு டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அளவை அவர் பார்த்து மாற்றுவார்.